ஒருமுறை வந்த லைம் நோய் மறுபடியும் வருமா?

தங்கச்சி, போன வருஷம் உங்கள் கணவருக்கு லைம் நோய் வந்து மருந்தெடுத்து மாறியது, இந்த மே மாதம் காலில் மறுபடியும் சிவப்பு வட்டம் வந்திருக்கிறது, "பழைய கிருமி சாகவில்லை" என்று ஆட்கள் சொல்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். சுவிஸுக்கு வந்த புதிதில் இப்படி என்றால் பயம் வரத்தான் செய்யும். லைம் நோய் உண்ணி கடிக்கும்போது உடம்புக்குள் போகும் பாக்டீரியாக் கிருமியால் வருவது. மருந்தெடுத்து முழுதாக மாறியபின் இப்படி ஒரு வட்டம் வந்தால், அது அனேகமாகப் புதிய உண்ணிக் கடி, புதிய கிருமி.

நான் இங்கே உண்ணிகளை ஆராயும் ஆய்வுகூடம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். வசந்த காலத்தில் காட்டோரப் புல்லின்மேல் வெள்ளைத் துணியை இழுத்துக்கொண்டு நடப்போம். திருப்பிப் பார்த்தால் கசகசா அளவில் இளம் உண்ணிகள் துணியைப் பற்றிக்கொண்டிருக்கும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் குழாயில் போடுவோம். பிறகு மரபணுவைப் பார்க்கும்போது, அந்தச் சின்ன உடம்புக்குள்ளேயே இரண்டு மூன்று வகைக் கிருமிகள் சேர்ந்திருப்பதும் உண்டு. எனக்கு இன்றும் வியப்புத்தான்.

காரணம் எலிகளும் பறவைகளும். முட்டையிலிருந்து வரும் உண்ணிக்குஞ்சிடம் லைம் கிருமி பொதுவாக இருப்பதில்லை. முதல் இரத்தம் குடிக்கும்போது, பெரும்பாலும் ஒரு காட்டெலியிடமிருந்து, அது தொற்றிக்கொள்கிறது. வட அமெரிக்காவில் பொரேலியா பர்க்டோர்ஃபெரி என்ற இனமே பெரும்பாலும் நோயைக் கொடுக்கிறது. ஐரோப்பாவில் அதோடு அஃப்ஸெலி, கரினி, பவாரியென்சிஸ் என்று வேறு இனங்களும் உண்டு. அஃப்ஸெலி எலிகளில் வாழும், கரினி பறவைகளில் வாழும். பறவை இரத்தத்தின் எதிர்ப்புப் புரதங்கள் அஃப்ஸெலியைக் கொன்றுவிடும், எலியின் இரத்தம் கரினிக்கு ஆகாது. மனிதரிலும் வித்தியாசம் தெரியும்: அஃப்ஸெலி தோலில் நின்றுவிடப் பார்க்கும், கரினி நரம்புகளுக்குப் போகப் பார்க்கும்.

உங்கள் கேள்விக்கான பதில் இன்னும் ஒரு படி உள்ளே இருக்கிறது. ஒரே இனத்துக்குள்ளும் கிருமியின் வெளிப்புறத்தில் இருக்கும் ஓஎஸ்பி-சி என்ற புரதம் பல வடிவங்களில் வருகிறது. ஒரு வடிவத்துக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பு இன்னொரு வடிவத்தைத் தடுக்காது. எலிக்கும் இதே கதைதான். ஒரு வகையை எதிர்க்கப் பழகிய எலிக்குள் அடுத்த உண்ணி வேறு வகையைக் கொண்டுவந்து விடும். அதனால்தான் காட்டில் இத்தனை வகைகள் அழியாமல் நிலைக்கின்றன.

2012 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இதை நேராகவே பார்த்தது. மறுபடி மறுபடி வட்டம் வந்த 17 பேரிடம், அடுத்தடுத்து வந்த 22 சோடித் தொற்றுகளின் கிருமிகளை ஒப்பிட்டார்கள். ஒரு சோடியில்கூட முன்னதும் பின்னதும் ஒரே வகையாக இருக்கவில்லை. மருந்து தோற்கவில்லை, புதிய உண்ணி கடித்திருக்கிறது. இதை உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அதற்காக வைத்தியரிடம் போகாமல் இருக்க வேண்டாம். புதிய தொற்றுக்கும் புதிதாக மருந்து வேண்டும். போன வருஷத்து எதிர்ப்புப் பொருட்கள் இரத்தத்தில் நெடுநாள் நிற்பதால் இரத்தப் பரிசோதனை இப்போது குழப்பலாம். பெரிதாகிக்கொண்டு போகும் வட்டமே சிகிச்சை தொடங்கப் போதுமான அடையாளம். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: எங்கள் நிறத் தோலில் அது படங்களில் காட்டுகிற மாதிரிப் பளிச்சென்று சிவக்காது. மங்கலான ஊதாவாக, கன்றிய காயம் மாதிரித் தெரியலாம். வைத்தியரே கவனிக்காமல் விடக்கூடும், நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

தோட்டக் கொட்டிலில் எலி இருக்கிறதே என்றும் கேட்டிருந்தீர்கள். எலி நேரடியாக இந்த நோயைத் தராது, நடுவில் உண்ணி வேண்டும். கொட்டிலைச் சுற்றிப் புல்லையும் சருகையும் குறைத்து வையுங்கள், வேலை முடிந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், பிள்ளைகளின் தலைமுடிக்குள் எல்லாம் தேடிப் பாருங்கள். கண்டால் எண்ணெய் பூசாமல், நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து உடனே நேராக இழுத்து எடுங்கள். உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு, குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள், ஆனால் அது லைம் நோயைத் தடுக்காது. கடித்த திகதியையும் இடத்தையும் எழுதி வைத்து, ஒரு மாதம்வரை அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.