தோலில் தடவும் மருந்து எவ்வளவு உள்ளே போகிறது, அதை எப்படி அளக்கிறார்கள்?

மூட்டுவலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் சில நிமிடங்களில் காய்ந்துவிடுகிறதே, மருந்து உள்ளே போய்விட்டதா அல்லது காற்றோடு போய்விட்டதா, இதை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். எம்.ஃபார்ம். (மருந்தியல் முதுகலைப் படிப்பு) இறுதியாண்டு முழுவதையும் இந்தக் கேள்வியோடே கழித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

காய்ந்தது ஜெல்லில் இருந்த தண்ணீரும் ஆல்கஹாலும்தான். மருந்து ஆவியாகவில்லை; அதில் பெரும்பங்கு தோலின் மேலேயே மெல்லிய பூச்சாகக் கிடக்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது ஸ்ட்ராட்டம் கார்னியம் என்ற, இறந்த செல்களால் ஆன மேற்படலம். உடலின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான், அதாவது அதிகம் போனால் நாம் எழுதும் தாளில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனாலும் அந்தச் செல்களுக்கு இடையே செராமைடு என்ற கொழுப்புப் பொருள், கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை அடுக்கடுக்காக நிரம்பியிருப்பதால், மருந்து அந்தக் கொழுப்பின் வழியாக வளைந்து நெளிந்துதான் கீழே இறங்க வேண்டும். தண்ணீரில் மட்டும் கரையும் மருந்து உள்ளே நுழையவே திணறும். கொழுப்பில் மட்டும் கரைவதோ நுழைந்த இடத்திலேயே தங்கிவிடும்.

இதை ஆய்வகத்தில் அளப்பதற்குப் பரவலாகப் பயன்படுவது ஃபிரான்ஸ் செல். தாமஸ் ஃபிரான்ஸ் 1975இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையால் பெயர் பெற்ற கண்ணாடிக் கருவி அது. மேலே ஒரு சிறு கிண்ணம், கீழே பஃபர் (அமில-காரத் தன்மை எளிதில் மாறாத) கரைசல் நிரம்பிய அறை, இரண்டுக்கும் நடுவே இறுகப் பிடித்த ஒரு தோல் துண்டு. தோலின் மேற்பரப்பு 32 டிகிரி செல்சியஸில் இருக்கும்படி வெந்நீர் சுற்றி ஓடும். கீழறையில் ஒரு குட்டிக் காந்தம் சுழன்று கரைசலைக் கலக்கிக்கொண்டே இருக்கும். குறித்த நேரங்களில் பக்கக்குழாய் வழியாகச் சிறிது கரைசலை உறிஞ்சி எடுத்து, எடுத்த அளவுக்குப் புதிய பஃபரை ஊற்றிவிட்டு, மாதிரியை, அதில் மருந்து எவ்வளவு என்று பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவிக்கு அனுப்புவோம்.

மனிதத் தோல் எளிதில் கிடைக்காது என்பதால் நான் பன்றியின் காதுத் தோலை எடுத்துக்கொண்டேன். ஊடுருவலைப் பொறுத்தவரை அது நம் தோலோடு நன்றாகவே ஒத்துப்போகும், எலித் தோலோ மருந்தைத் தாராளமாக உள்ளே விட்டுவிடும். இறைச்சிக் கூடத்தில் முடி நீக்குவதற்காகக் கொதிநீரில் முக்குவதற்கு முன்பே காதை வாங்கிவிட வேண்டும். முக்கிய பிறகு அந்தத் தோலின் தடுப்புத் திறன் கெட்டுவிடும். இதற்காகவே வாரம் ஒரு நாள் விடியற்காலையில் ஐஸ் பெட்டியோடு போய் நின்றிருக்கிறேன். ஒருமுறை ஆறு ஃபிரான்ஸ் செல்களில் ஒன்று மட்டும் மற்றவற்றில் பாதி அளவே காட்டியது. குனிந்து பார்த்தபோது தோலுக்கு அடியில் மிளகு அளவில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டிருந்தது. குமிழி இருக்கும் இடத்தில் தோல் கரைசலைத் தொடாது. அதன்பின் பஃபரில் கரைந்திருக்கும் காற்றை முதலிலேயே வெளியேற்றி, செல்லைச் சாய்த்துக் குமிழிகளைப் பக்கக்குழாய் வழியே ஓட்டிவிட்ட பிறகுதான் மருந்தையே தொடுவேன்.

கீழறைக்கு வந்து சேர்ந்த மருந்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால், முதலில் தட்டையாகக் கிடந்து பிறகு நேர்கோடாக ஏறும். அந்தக் கோட்டின் சாய்வுதான் மருந்து கடக்கும் வேகம். பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. தடவிய மருந்து மொத்தத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும்: மேலே துடைத்தெடுத்தது, ஸ்ட்ராட்டம் கார்னியத்தில் சிக்கியது, அதற்குக் கீழே தோலில் தங்கியது, கடந்து சென்றது. பன்னாட்டுப் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி. 2004இல் வெளியிட்ட சோதனை வழிகாட்டி எண் 428 இந்தக் கூட்டுத்தொகையை 90 முதல் 110 சதவீதத்துக்குள் எதிர்பார்க்கிறது. என் முதல் சோதனையில் 78தான் வந்தது. மீதி, கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த ஜெல்லில் இருந்தது.

உயிருள்ள மனிதரிடம் அளப்பது வேறு கதை. ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரு ஆய்வாளர்கள் 1967இல், கதிரியக்கக் கார்பன் சேர்த்த ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை உடலின் பல இடங்களில் தடவி, சிறுநீரில் வெளியேறியதை அளந்தார்கள். முன்கையில் உறிஞ்சப்பட்டதை 1 என்று வைத்தால், உள்ளங்காலில் 0.14, நெற்றியில் 6, விதைப்பையில் 42. எனவே "இந்த மருந்து இத்தனை சதவீதம் உள்ளே போகும்" என்று, தடவிய இடத்தைச் சொல்லாமல் யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. ஒட்டுநாடாவால் மேற்படலத்தை அடுக்கடுக்காக உரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள மருந்தை அளக்கும் முறையும் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1998இல் அதற்கு ஒரு வரைவு வழிகாட்டி கொடுத்தது. ஆனால் முகப்பருவுக்குத் தடவும் ஒரே டிரெட்டினாயின் ஜெல்களைச் சோதித்த இரண்டு ஆய்வகங்கள் நேரெதிரான முடிவுகளுக்கு வந்த பிறகு, 2002இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இனி உங்கள் ஜெல். ஒரு முழங்காலில் 4 கிராம் வீதம் நாளுக்கு நான்கு முறை 1 சதவீத ஜெல்லைத் தடவியவர்களின் ரத்தத்தில் சேர்ந்த டைக்ளோஃபெனாக், மாத்திரையாக விழுங்கியவர்களுக்குச் சேர்ந்ததில் சுமார் 6 சதவீதம்தான். இது ரத்தத்தின் கணக்கு மட்டுமே. தடவிய இடத்துக்கு அடியில் உள்ள திசுவில் எவ்வளவு இருக்கிறது என்பதை இது சொல்லாது. அதை அறிய, தோலுக்குள் முடி போன்ற மெல்லிய குழாயைச் செருகி அதன் வழியே திரவத்தை ஓட்டி அளக்கும் மைக்ரோடயாலிசிஸ் போன்ற முறைகள் வேண்டும். தடவியதில் பெரும்பங்கு மேலேயே இருப்பதால்தான், தடவிய பின் ஒரு மணி நேரமாவது அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது என்றும், தடவிய கையை உடனே கழுவிவிட வேண்டும் என்றும் மருந்தோடு வரும் தாளில் எழுதியிருக்கிறார்கள். வலி கையிலேயே என்றால் கையையும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் கழுவ வேண்டும்.