பழைய காரில் ஆயில் விளக்கு மினுக்கினால்: டர்பனுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியின் சாரம் இதுதான். டர்பன் வந்து நாலு மாதம் ஆகிறது. சாட்ஸ்வொர்த்தில் வீடு, உம்லங்காவில் வேலை. தனியாள் ஒருவரிடமிருந்து 2004 மாடல் டொயோட்டா டாஸ் வாங்கியிருக்கிறீர்கள். ஏற்கெனவே 2,80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. ஒருநாள் ரவுண்டானாவில் திரும்பும்போது சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கியது. காரேஜில், அதாவது பெட்ரோல் பங்கில், அரை லிட்டர் ஆயில் ஊற்றினார்கள். மூன்று வாரத்தில், சுமார் 900 கிலோமீட்டர் கழித்து, மறுபடி மினுக்குகிறது. இன்ஜின் போய்விட்டதா, டிசம்பரில் இதில் ஜோஹானஸ்பர்க் போகலாமா என்று கேட்கிறீர்கள்.

இதை மட்டும் வைத்து இன்ஜின் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வண்டி 1000 கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்பதை நீங்கள் இன்னும் அளக்கவே இல்லை. அந்தக் கணக்கு தெரியாமல் மெக்கானிக்கிடம் போனால் அவர் சொல்வதுதான் விலை.

முதலில் அந்த விளக்கைப் பற்றி. அது ஆயில் அளவைக் காட்டுவதில்லை, ஆயில் அழுத்தத்தைக் காட்டுகிறது. இந்த வயது வண்டிகளில் பெரும்பாலும் அளவைச் சொல்லும் சென்சாரே கிடையாது. சேம்பரில் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் மிகவும் குறைந்தபின், வளைவில் திரும்பும்போதோ சடாரென்று பிரேக் பிடிக்கும்போதோ இருக்கிற ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்ப் அப்போது காற்றை உறிஞ்சும், விளக்கு மினுக்கும். ஆக, அது மினுக்கும்போது ஆயில் ‘குறைகிறது’ என்று அர்த்தமில்லை, குறைந்து நாளாயிற்று என்று அர்த்தம். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கோடு போட்ட கம்பி) கீழ்க்கோட்டுக்கும் வெகு கீழே இறங்கியிருக்கும். சின்ன இன்ஜின்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் பெரும்பாலும் முக்கால் முதல் ஒரு லிட்டர் பிடிக்கும். அரை லிட்டர் ஊற்றியும் நீங்கள் கீழ்க்கோட்டையே எட்டாமல் இருந்திருக்கலாம். மூன்று வாரத்தில் மறுபடி மினுக்கியதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

வளைவில் இல்லாமல் நேர்ச்சாலையில் விளக்கு நிலையாக எரிந்தால் பேச்சே இல்லை, ஓரம்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். அழுத்தம் இல்லாமல் ஓடினால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பேரிங்குகள் சில நிமிடங்களிலேயே தேய்ந்துவிடும். டக் டக் என்று அடிச்சத்தம் கேட்டால் செலவு பத்து மடங்கு ஆகிவிட்டது என்று பொருள். இந்த ஊருக்கு மட்டும் இதில் ஒரு விதிவிலக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில், ஆளரவமற்ற இடத்தில் எரிந்தால், வேகத்தைக் குறைத்து ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்து, வெளிச்சமுள்ள காரேஜ் வரை போய் நிறுத்துங்கள். இன்ஜின் போனால் போகட்டும், வேறு இன்ஜின் வாங்கிக்கொள்ளலாம். காப்பீட்டின் சாலையோர உதவி எண்ணைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். கைப்பேசியிலிருந்து அவசர அழைப்புக்கு 112, போலீஸுக்கு 10111.

இப்போது அளக்கும் முறை. இங்கே காரேஜ் என்றால் பெட்ரோல் பங்க் என்பது இதற்குள் பழகியிருக்கும். பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளும் வழக்கம் இங்கே இல்லை. போடுபவரே ஆயிலும் தண்ணீரும் பார்க்கட்டுமா என்று கேட்பார். நல்ல வழக்கம்தான், ஆனால் நேரம் தப்பு. ஓடி வந்த இன்ஜினை அணைத்த உடனே ஆயிலில் ஒரு பங்கு மேலே ஹெட்டிலும் (இன்ஜினின் மேல்பகுதி) ஆயில் வழிகளிலும் நிற்கும். அப்போது டிப்ஸ்டிக்கை உருவினால் இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும். அதைப் பார்த்து அரை லிட்டர் டப்பா ஒன்றை ஊற்றிவிடுவார்கள், அடுத்த தடவையும் அதே கதை. ஆயில் மேல்கோட்டைத் தாண்டிவிட்டால் கிராங்க் அதில் அடித்து நுரையாக்கும், நுரையால் அழுத்தம் நிற்காது. மிஞ்சிய ஆயில் இன்ஜின் மூச்சுக்குழாய் வழியாக உள்ளே இழுக்கப்பட்டு எரியும், புகை தள்ளும். குறைவாக இருந்த வண்டிக்கு இப்படி மிகுதியால் கேடு வருவதும் உண்டு.

அதனால் காலையில், சமதரையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சாட்ஸ்வொர்த் வீடுகளின் வாசல் பாதி சரிவாகத்தான் இருக்கும், அங்கே பார்த்தால் கணக்குத் தப்பும். டிப்ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, அடிவரை செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறாகக் காட்டினால் குறைந்த பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு 250 மில்லி ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி பாருங்கள். மேல்கோட்டை எட்டும்வரை இப்படியே கால் லிட்டர் கால் லிட்டராக. முதல் தடவை ஒன்றரை லிட்டர்கூடப் பிடிக்கலாம், பயப்பட வேண்டாம். மூடியை இறுக மூடினீர்களா என்று இரண்டு தரம் பாருங்கள். மூடி இல்லாமல் ஓட்டினால் ஆயில் தெறித்து எக்ஸாஸ்ட் மேல் விழுந்து புகையும்.

மேல்கோட்டைத் தொட்டதும் மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்து, ஊற்றுகிற அளவை எழுதுங்கள். உங்கள் கணக்கை உத்தேசமாகப் போட்டால், 900 கிலோமீட்டருக்கு அரை லிட்டர், அதாவது 1000-க்கு 0.55 லிட்டர். பழைய டாஸுக்கு இது சாவுமணி இல்லை. 1000-க்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் வரை ஏற்றுக்கொள்ளத்தக்கது என்று எழுதிய வாகனக் கையேடுகள் உண்டு. நான் சொல்வேன்: அரை லிட்டர் வரை ஊற்றி ஓட்டலாம். அரைக்கும் ஒன்றுக்கும் நடுவில் காரணம் தேடிச் சரிசெய்ய வேண்டும். ஒரு லிட்டரைத் தாண்டினால் இன்ஜினைத் திறக்கும் பேச்சு.

என்ன ஆயில் என்றால், இந்த மாதிரி கிலோமீட்டர் ஏறிய டாஸுக்கும் சிட்டி கோல்ஃபுக்கும் (ஃபோக்ஸ்வேகனின் பழைய சின்ன கார்) இங்கே பலரும் ஊற்றுவது 20டபிள்யூ-50 மினரல் ஆயில், 15டபிள்யூ-40-உம் சரியே. முன் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பது, பின் எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. டர்பன் கடலோரத்தில் குளிர் பெரிதில்லை, 20டபிள்யூ போதும். ஜோஹானஸ்பர்க்கில் ஜூன், ஜூலைக் காலைகள் பூஜ்யத்தைத் தொடும்; அங்கே குடிபோனால் 15டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40 நல்லது. அவசரத்துக்கு எந்த இன்ஜின் ஆயிலையும் கலக்கலாம், ஆயில் இல்லாமல் ஓடுவதைவிட அது எவ்வளவோ மேல். கியர் ஆயிலை மட்டும் தொடாதீர்கள். கசிவை அடைக்கும், புகையை நிறுத்தும் என்று விற்கும் டப்பா மருந்துகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பணத்தில் இரண்டு கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு) வாங்கலாம்.

சரி, ஆயில் எங்கே போகிறது? கீழே சொட்டுகிறது, அல்லது உள்ளே எரிகிறது. சொட்டுவதைப் பார்க்க, இரவு வண்டிக்குக் கீழே பெரிய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். டர்பன் ஈரக்காற்றில் ஏசி போட்ட வண்டியிலிருந்து நிறமில்லாத தண்ணீர் நிறையச் சொட்டும், அதைக் கண்டு கலங்க வேண்டாம். பச்சையோ சிவப்போ என்றால் பெரும்பாலும் ரேடியேட்டர் தண்ணீர். பழுப்பு, கறுப்பு, வழவழப்பு என்றால் ஆயில். இன்ஜினை டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவம்) போட்டுக் கழுவி, இரண்டு நாள் ஓட்டி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஓடும் காற்று ஆயிலைப் பின்னுக்கும் கீழுக்கும் தள்ளும், ஆகவே ஈரமாக இருக்கும் இடங்களில் எது மேலே, எது முன்னே இருக்கிறதோ அங்கிருந்துதான் கசிகிறது. அநேகமாக டாப்பெட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) கேஸ்கெட்டாக இருக்கும். மலிவு, அரைமணி வேலை. அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டரின் (சிலிண்டர்களுக்கு மின்சாரத்தைப் பகிரும் பாகம்) ரப்பர் வளையம், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், சேம்பர் போல்ட் வாஷர். கிராங்க் ஆயில் சீல் மட்டும் உழைப்பு கேட்கும், அதிலும் பின்சீல் என்றால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஆயில் ஃபில்டர். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் சில சமயம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் இரண்டு ரப்பர் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும், அழுத்தம் ஏறியதும் பிதுங்கி, மொத்த ஆயிலும் சில நிமிடத்தில் சாலையில் கிடக்கும். புது ஃபில்டரின் ரப்பரில் ஆயில் தடவி, கையால் மாட்டி, ரப்பர் தொட்டபின் முக்கால் சுற்று, அவ்வளவே. ஸ்பானர் வேண்டாம். நீங்களே மாற்றுவதானால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

எரிவதை நீலப்புகை காட்டிக்கொடுக்கும். அது எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து வந்து அடங்கினால் வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) தேய்ந்திருக்கிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி, கீழே மறுபடி மிதிக்கும்போது வந்தாலும் அதுவே. ஆக்ஸிலரேட்டரை மிதித்து இழுக்கும்போதெல்லாம் புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்). அதை உறுதி செய்ய கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தச் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள்: குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு உட்காரவில்லை. வால்வு சீல் கோளாறு இந்த டெஸ்டில் தெரியாது, அதற்குப் புகைதான் சாட்சி. இதற்கெல்லாம் முன்னால் டாப்பெட் கவர் பக்கம் இருக்கும் பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) கழற்றி ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அடைத்திருக்கிறது, உள்ளே அழுத்தம் தேங்கி எல்லா சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். மலிவான அந்தத் துண்டை விட்டுவிட்டு இன்ஜினையே பிரித்தவர்கள் உண்டு.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் தயிர் மாதிரி வெளுத்திருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்படியானால் ஓட்டாதீர்கள்.

ரிங் என்று முடிவானால் ரீபோரா (சிலிண்டரைக் கடைந்து புதுப்பிப்பது), ஜப்பானிலிருந்து வரும் இம்போர்ட் இன்ஜினா என்று இரண்டு வழி காட்டுவார்கள். இந்த வயது வண்டிக்கு இம்போர்ட் இன்ஜின் பல சமயம் மலிவு. ஆனால் இன்ஜின் எண் மாறுவதால் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கி, பதிவிலும் மாற்ற வேண்டும். ‘எதற்கு அதெல்லாம்’ என்று சொல்லும் கடையை விட்டு வந்துவிடுங்கள். விற்கும்போது அது உங்கள் தலையில் விழும்.

விற்றவரிடம் பணம் கேட்க முடியுமா என்றும் கேட்டீர்கள். டீலரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஆறு மாதப் பொறுப்பு உண்டு. தனியாளிடம் வாங்கியது இங்கே ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’, இருக்கிறபடியே எடுத்துக்கொண்டது. குறை தெரிந்தே ஏமாற்றி மறைத்தார் என்று நிரூபித்தால்தான் வழி. ஆயில் குடிப்பதற்கு அதை நிரூபிப்பது கடினம், அலையாதீர்கள்.

டிசம்பர் பயணம். என்3 நெடுஞ்சாலையில் போக வர சுமார் 1,150 கிலோமீட்டர். உங்கள் கணக்குப்படி சுமார் 0.64 லிட்டர் குடிக்கும். ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் மணிக்கணக்காக ஓடும்போது கூடும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறீர்கள். திரும்பும்போது வான் ரீனென் கணவாயிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு முன் டவுன் ஹில்லிலும் நெடிய இறக்கம், வால்வு சீல் தேய்ந்த வண்டி அங்கேதான் ஆயிலை இழுக்கும். புறப்படுமுன் காலையில் மேல்கோடு வரை நிரப்பி, அதே பிராண்டில் இரண்டு லிட்டர், ஒரு புனல், பழந்துணி டிக்கியில் வையுங்கள். ஹாரிஸ்மித் ஏறக்குறையப் பாதி வழி. அங்கே நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு, இன்ஜின் அணைந்து பத்து நிமிடமாவது ஆனபின் பாருங்கள். பெட்ரோல் போடுபவர் முந்திக்கொண்டு டிப்ஸ்டிக்கை நீட்டினால், ‘கொஞ்சம் நேரம் போகட்டும்’ என்று சொல்லி ஐந்து ராண்ட் கொடுத்து அனுப்புங்கள்.

அதற்கு முன்னால் இரண்டு அளவு எடுத்துவிட்டு எண்ணை எனக்கு எழுதுங்கள். கூடவே காலைப்புகை உண்டா, அட்டையில் என்ன விழுந்தது என்பதையும்.