சேன்-வெரான்: ஆல்ப்ஸ் மலையின் சிறு கொம்யூன் - கேள்வி பதில்

கேள்வி: சேன்-வெரான் எங்கே உள்ளது? ஐரோப்பாவிலேயே உயரமான ஊர் என்கிறார்களே?

பதில்: தென்கிழக்குப் பிரான்சின் ஓத்-ஆல்ப் மாவட்டத்தில், இத்தாலிய எல்லையை ஒட்டிய கேரா மலைப்பகுதியில், ஏறத்தாழ 2,040 மீட்டர் உயரத்தில் உள்ளது. பிரான்சின் அடிப்படை உள்ளாட்சி அலகுகளான கொம்யூன்களில் இதுவே மிக உயரமானது. ஐரோப்பா என்பது மிகை. சுவிட்சர்லாந்தின் யூஃப் என்னும் சிற்றூர் 2,100 மீட்டரைத் தாண்டுகிறது. பிரான்சிலேயே உள்ள வால் தொரான்ஸும் இதைவிட உயரம்தான். ஆனால் அது பனிச்சறுக்குக்காக எழுப்பப்பட்ட விடுதி நகர், தனிக் கொம்யூன் அன்று.

கேள்வி: அந்த உயரத்தில் பயிர் விளையுமா?

பதில்: ஊர் தெற்கு நோக்கிய சரிவில் அமைந்து, மழை குறைந்து வெயில் மிகுந்திருப்பதால் ரை என்னும் கம்புக்கோதுமை விளைந்தது. ஆயினும் கோடை குறுகியது; முற்றுமுன்பே அறுத்த கதிர்களை வீட்டு மாடியின் மரத்தாழ்வாரங்களில் அடுக்கி முற்ற வைத்தார்கள். கீழ்த்தளம் கல்லால் ஆனது. குளிர்காலத்தில் குடும்பமும் மாடுகளும் அங்கே ஒன்றாகத் தங்கின, மேலே லார்ச் மரக்கட்டைகளால் கட்டிய பரணில் வைக்கோலும் தானியமும் இருந்தன. இத்தனை மரமும் வைக்கோலும் இருந்தால் தீப்பொறி ஒன்றே போதும் என்பதால், வீட்டுத் தொகுதிகளுக்கு நடுவே வெற்றிடம் விட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி நீர்த்தொட்டி அமைத்தார்கள். ஊரமைப்பில் நான் மிகவும் வியப்பது இதைத்தான்.

கேள்வி: இப்போது எத்தனை பேர் வாழ்கிறார்கள்?

பதில்: சுமார் 45 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறக்குறைய 200 பேர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதைப்போல் பல மடங்கினர் இருந்தனர். பிழைப்புத் தேடிச் சமவெளிக்குப் போனவர்களால் ஊர் மெலிந்தது. பரப்பில் பெரும்பகுதி மேய்ச்சல் நிலமும் பாறையும்தான் என்பதால், சதுர கிலோமீட்டருக்கு நான்கைந்து பேர் என்னும் சராசரியை வைத்து ஊரை மதிப்பிட வேண்டாம். வீடுகள் நெருக்கமாகவே உள்ளன.

கேள்வி: விடுமுறை வீடு வைத்திருப்பவர்களும் இதில் அடக்கமா?

பதில்: இல்லை. இன்சே என்னும் தேசியப் புள்ளியியல் நிறுவனம், 10,000 பேருக்குக் குறைவான கொம்யூன்களில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, சனவரி-பிப்ரவரியில் கணக்கெடுக்கிறது. அது பனிச்சறுக்குப் பருவமாதலால் விடுதிகளில் ஆள் நடமாட்டம் மிகுந்திருக்கும். எனினும் வழக்கமாக அங்கேயே குடியிருப்பவர் மட்டுமே கணக்கில் சேர்வர்.

கேள்வி: இருநூறு பேருக்கு ஒரு மேயரா?

பதில்: ஆம், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் உண்டு. பிரான்சின் சுமார் 35,000 கொம்யூன்களில் பாதிக்கு மேற்பட்டவை 500 பேரைக்கூடத் தாண்டாதவை. கொம்யூன் பஞ்சாயத்துகளை அறிந்த புதுச்சேரி வாசகர்களுக்குப் பெயர் பழகியதே. அங்கு ஒரு கொம்யூனுக்குள் பல ஊர்கள் அடங்கும், இங்கோ ஊரளவே கொம்யூன்.