வீட்டுக்குள் சாக்கெட், தெருவில் கார்: நடுவில் இருக்கும் நடைபாதையை என்ன செய்வது?

கேள்வி: எங்களுக்குச் சொந்தமாக கார் நிறுத்துமிடம் கிடையாது. தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வாசலை ஒட்டி நடைபாதை, அதைத் தாண்டித் தெருவோரத்தில்தான் காரை நிறுத்துகிறோம். தினமும் சுமார் 35 கிலோமீட்டர் ஓட்டம். மின்சார கார் வாங்கினால், வீட்டுக்குள் இருக்கும் சாக்கெட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு இரவில் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். விற்பனையாளரும் தாராளமாகச் செய்யலாம் என்கிறார். மனைவிக்குத்தான் பயம். பக்கத்து வீட்டில் பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் விடியற்காலையில் நடக்கப் போவார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. அதற்காகக் கார் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டாம். அந்த எக்ஸ்டென்ஷன் ஒயரை மட்டும் விட்டுவிடுங்கள்.

முதலில் உங்கள் ஓட்டத்துக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று பார்த்துவிடலாம். நடுத்தர அளவு மின்சார கார் ஒன்று 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 யூனிட் எடுக்கும். வேகமாக ஓட்டினாலோ ஏசியோ ஹீட்டரோ அதிகம் போட்டாலோ 18, 20 வரை போகும். 35 கிலோமீட்டருக்கு 5 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 6 யூனிட். சாதாரண சாக்கெட்டில் 10 ஆம்பியர் எடுத்தால் 2.3 கிலோவாட், அதாவது மூன்று மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். விற்பனையாளர் இதை மனதில் வைத்துத்தான் தாராளமாகச் செய்யலாம் என்று சொல்லியிருப்பார். கணக்கில் அவர் சொன்னது தவறில்லை.

ஆனால் இதே கணக்கை வாரத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு நாளும் ஓட்டினால்கூட 245 கிலோமீட்டர், சுவரிலிருந்து சுமார் 42 யூனிட். தெருவோரத்தில் கார் சார்ஜ் செய்ய வைத்திருக்கும் பொதுக் கம்பங்களில் பரவலாக இருக்கும் 7.4 கிலோவாட் இணைப்பில் இது ஆறு மணி நேர வேலை. 40 யூனிட் பேட்டரி உள்ள காரில் இருபது சதவீதத்திலிருந்து தொண்ணூறு வரை ஏற்றினால் 28 யூனிட், உங்களுக்கு ஐந்து நாள் தாங்கும். ஆக, வாரத்தில் ஒன்றோ இரண்டோ இரவு காரை நல்ல இடத்தில் நிறுத்தினால் போதும். கைபேசியைப் போல ஒவ்வொரு இரவும் வாசலிலேயே சார்ஜ் போட்டாக வேண்டும் என்று நினைப்பதால்தான் பலரும் நடைபாதையில் ஒயர் இழுக்கும் நிலைக்கு வந்து நிற்கிறார்கள்.

சரி, ஒயரில் அப்படி என்ன ஆபத்து?

சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் சார்ஜ் பாதியில் நின்றுவிடுகிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் சாக்கெட்டின் முகப்பு சுத்தமாகத்தான் இருந்தது. பிளக்கை இழுத்தேன், வரவில்லை. அசைத்து அசைத்து எடுத்தபோது நியூட்ரல் துளையின் ஓரம் பழுப்பேறி, இளகி, பிளக்கின் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கருகிய பிளாஸ்டிக் வாடை அறை முழுக்க. அந்த சாக்கெட்டில் பத்து வருடமாக இஸ்திரிப் பெட்டி ஓடியது, ஒன்றும் ஆகவில்லை. காரை மாட்டி ஆறே வாரத்தில் இந்தக் கதி.

காரணம் எளிது. இஸ்திரிப் பெட்டி பத்து நிமிடம் எரியும், அணையும். காரோ மணிக்கணக்கில் ஒரே சீராக முழு கரண்டையும் இழுக்கும். உள்ளே ஒரு திருகு லேசாகத் தளர்ந்திருக்கிறது, அந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆம்பியர் போகும்போது அங்கே 10 வாட் சூடு பிறக்கும். 16 ஆம்பியர் என்றால் 25 வாட்டுக்கு மேல். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூடு அது. அதை சாக்கெட்டுக்குள் வைத்து மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிட்டுத் தூங்கப் போவதைப் போலத்தான். எக்ஸ்டென்ஷன் போட்டால் இப்படிப்பட்ட இணைப்பு இன்னும் ஒன்று கூடுகிறது, அதுவும் வெளியே, தரையில், மழை படும் இடத்தில்.

சுருட்டி வைக்கும் டிரம் வகை எக்ஸ்டென்ஷன் இதைவிட மோசம். வேண்டிய நீளத்தை மட்டும் இழுத்துவிட்டு மீதியைச் சுருளாகவே விட்டால் சூடு வெளியேற வழியில்லை. சுருட்டிய நிலையில் எத்தனை ஆம்பியர், முழுக்க விரித்த நிலையில் எத்தனை என்று டிரம்மின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். முதல் எண் பெரும்பாலும் இரண்டாவதில் பாதிகூட இருக்காது.

பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. காருடன் வரும் கேபிளின் நடுவில் ஒரு பெட்டி இருக்கும், பார்த்திருப்பீர்கள். மின்கசிவு ஏற்பட்டால் அது துண்டித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் தனக்கு அப்பால், கார் பக்கம் நடப்பதைத்தான் அது கவனிக்கும். பெட்டிக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் நீங்கள் போடும் எக்ஸ்டென்ஷன் அதன் கண்ணில் படாது. அந்த ஒயர் நைந்தால் உங்கள் வீட்டுப் போர்டில் இருக்கும் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் காப்பாற்ற வேண்டும். அது இருக்கிறதா, இருந்தால் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று வாடகை வீடுகளில் பெரும்பாலும் யாரும் பார்த்ததே இல்லை. கார் நிறுவனங்கள் கையேட்டில் எக்ஸ்டென்ஷன் வேண்டாம் என்று எழுதி வைப்பது இதற்கெல்லாம் சேர்த்துத்தான்.

எர்த் விஷயமும் அப்படித்தான். சில வகை இணைப்புகளில் நியூட்ரலும் எர்த்தும் தெருவிலிருந்து ஒரே கம்பியாக வரும். வெளியே எங்காவது அந்தக் கம்பி அறுந்தால், எர்த் செய்யப்பட்ட உலோகம் எல்லாவற்றிலும் மின்னழுத்தம் ஏறும், கார் பாடி உட்பட. வீட்டுக்குள் சுற்றிலும் எல்லாமே ஒரே அழுத்தத்தில் இருக்கும் என்பதால் ஓரளவு தப்பலாம். ஈரத் தரையில் நின்றுகொண்டு கார் கதவைத் தொடுகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சாதாரண ஆர்சிசிபி எர்த் கம்பியைத் துண்டிக்காது, எனவே இங்கே அது உதவாது. வெளியில் நிற்கும் காருக்கு முறையான சார்ஜர் பொருத்துகிறவர்கள் தனி எர்த் அடிப்பதோ, இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கும் கருவி வைப்பதோ இதனால்தான். கை சாமர்த்தியத்தில் சமாளிக்கிற வேலை இல்லை இது.

அடுத்து அந்தப் பெரியவர். அவரைப் பற்றிக் கேட்டதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும், பெரும்பாலான கடிதங்களில் காரும் பேட்டரியும்தான் இருக்கும். விரல் பருமன் உள்ள கறுப்பு ஒயர், விடியாத வெளிச்சத்தில், கறுத்த நடைபாதையில் கிடந்தால் நல்ல கண்ணுக்கே தெரியாது. அதற்குமேல் ரப்பர் மூடி போட்டால் போதும் என்பார்கள். கால் தடுக்குவது குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கைத்தடியோ சக்கர நாற்காலியோ வைத்திருப்பவருக்கு மூடியும் ஒரு மேடுதான். அது நகர்ந்து ஓரம் தூக்கிக்கொண்டால் ஒயரைவிட ஆபத்து. தலைக்கு மேலே ஒயர் கட்டுவது, மரக்கிளையில் தொங்கவிடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். கேபிளின் கனம் முழுவதும் பிளக்கில் விழும். யாராவது விழுந்து அடிபட்டால் பொறுப்பு பெரும்பாலும் ஒயர் போட்டவர் தலையில்தான் வரும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், தினம் முகம் பார்க்கும் மனிதர் அவர்.

நடைபாதையைக் குறுக்காக வெட்டி, மேல்மட்டத்துக்குச் சமமாக மூடியுள்ள சிறிய வாய்க்கால் பதித்து, அதற்குள் கேபிளை விடும் முறை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நன்றாகச் செய்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் நடைபாதை உங்களுடையது அல்ல, உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். நீங்கள் வாடகைக்கு இருப்பதால் வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். அப்புறம், அத்தனையும் செய்த பிறகு வாசலுக்கு நேரே வேறு யாராவது காரை நிறுத்திவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பொதுத் தெருவில் இடம் பிடித்து வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

அதனால் என் யோசனை, பொதுக் கம்பத்தைத் தேடுங்கள் என்பதுதான். லண்டனில் தெருவிளக்குக் கம்பங்களிலேயே சார்ஜ் சாக்கெட் வைத்திருக்கிறார்கள். பழைய விளக்குகளை எல்இடிக்கு மாற்றியதில் மிச்சமான மின்திறன் இதற்குக் கை கொடுத்தது. வேகம் குறைவுதான், 5 கிலோவாட் அளவில்தான் வரும். ஆனால் இரவு முழுக்க நிற்கும் காருக்கு அது தாராளம். ஆம்ஸ்டர்டாமில் சொந்த நிறுத்துமிடம் இல்லாத மின்சார கார்க்காரர் தம் வீட்டருகே பொதுக் கம்பம் கேட்டு நகராட்சிக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் ஊர் நிர்வாகத்திடம் இப்படி ஏதாவது வழி இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். தெருவில் இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கேட்டால் எடை கூடும்.

கம்பத்தில் போடுவதில் இன்னொரு நிம்மதி, இந்தக் கம்பங்களில் பயன்படும் டைப் 2 என்ற வகைக் கேபிள் கார் பக்கமும் கம்பம் பக்கமும் பூட்டிக்கொள்ளும். வழியில் போகிறவர் உருவ முடியாது. சார்ஜ் முடிந்த பிறகும் காரை எடுக்காவிட்டால் சில இடங்களில் கூடுதல் கட்டணம் விழும். இரவு நேரத்துக்கு அதில் விலக்கு உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் இடத்தில் சார்ஜ் வசதி இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை, கார் எப்படியும் அங்கே எட்டு மணி நேரம் சும்மா நிற்கிறது. டிசி வேக சார்ஜரை மாற்று வழியாக வைத்துக்கொள்ளலாம். 50 கிலோவாட்டில் இருபதிலிருந்து எண்பது சதவீதம் போக அரை மணிக்குக் கொஞ்சம் மேல் ஆகும், எண்பதைத் தாண்டினால் வேகம் மளமளவென்று குறையும்.

காரைத் தேர்ந்தெடுக்கும்போது சார்ஜ் வாய் எங்கே இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். ஷோரூமில் யாரும் இதைப் பேச மாட்டார்கள். மூக்கில் இருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. நீங்கள் நிறுத்தும் வாக்கில் அது தெருவின் பக்கம் வந்தால், கேபிள் காரைச் சுற்றிப் போக வேண்டும், கனெக்டர் போக்குவரத்துப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு இருசக்கர வண்டி உரசினால் போதும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இப்போது இருக்கும் காரிலேயே ஒரு வாரம் ஒத்திகை பாருங்கள். வீட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கும் கம்பங்களைக் குறித்துக்கொண்டு, தினமும் நீங்கள் வீடு திரும்பும் அதே நேரத்துக்கு அங்கே போய்ப் பாருங்கள். இடம் காலியா, கம்பம் வேலை செய்கிறதா, வேறு கார் அடைத்துக்கொண்டு நிற்கிறதா, அங்கிருந்து ராத்திரியில் வீட்டுக்கு நடந்து வர உங்கள் மனைவிக்கும் சரிப்படுமா என்று எழுதி வையுங்கள். ஏழு நாளில் நான்கு நாள் இடம் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். ஒன்று, இரண்டு நாள்தான் கிடைத்தது, அலுவலகத்திலும் வசதி இல்லை என்றால், கம்பத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்.