ஐரோப்பிய ஒன்றியத்தில் கடைசிச் சொல் யாருடையது? – கேள்வி பதில்

வேலூரில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். வந்த கேள்விகளில் பாதி தோல் தொழில்காரர்களுடையவை. ஐரோப்பாவுக்குச் சரக்கு போகிற ஊர், கேட்கத்தானே செய்வார்கள்!

ஆம்பூர், ஷூ கம்பெனி ஊழியர்: சார், எங்கள் ஷூவுக்கு இறக்குமதி வரியை முடிவு செய்வது ஜெர்மனியா, ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸா?

பிரஸ்ஸல்ஸ்தான். வணிகம் ஒன்றியத்தின் கையில் இருப்பதால் ஜெர்மனி தனியாக நம்மோடு சுங்க வரி பேச முடியாது. பேசுவது ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம். பேச அனுமதி தருவதும் முடிவில் ஏற்பதும் 27 நாட்டு அமைச்சர்களின் அவை. 2009இல் ஒன்றியத்தின் விதிகளை மாற்றிய லிஸ்பன் ஒப்பந்தம் வந்தபின் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சம்மதமும் வேண்டும். அது சடங்கு இல்லை. போலிச் சரக்குக்கு எதிரான ஆக்டா ஒப்பந்தத்தில் ஒன்றியம் கையெழுத்தே போட்டிருந்தது. 2012 ஜூலையில் நாடாளுமன்றம் அதைத் தூக்கி எறிந்தது.

ராணிப்பேட்டை, டேனரி மேற்பார்வையாளர்: குரோமியம்-6 கட்டுப்பாடும் வெளியுறவு முடிவா?

இல்லை. உடம்பில் படும் தோல் பொருளில் இந்த நச்சு ரசாயனம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்பது அவர்களின் ரசாயனப் பாதுகாப்புச் சட்டம். 2015 மே முதல் அமலில் இருக்கிறது.

காட்பாடி, மாணவி: அப்படியென்றால் ரஷ்யா மீதான தடைகளை ஒரே நாடு எப்படி இழுத்தடிக்க முடிகிறது?

அது வேறு வழிம்மா. வெளியுறவு, பாதுகாப்பு என்றால் பெரும்பாலும் எல்லா நாடும் ஒத்துக்கொள்ள வேண்டும். நாடாளுமன்றம் கருத்துச் சொல்லலாம், தடுக்க முடியாது. ஒன்றியத்தின் வெளியுறவுக்கான உயர் பிரதிநிதி காயா கல்லாஸ் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்துக்குத் தலைவர், ஆணையத்தின் துணைத் தலைவரும் கூட. பதவி பெரிதுதான், ஆனால் ஒரு நாடு மறுத்தால் அவராலும் ஒன்றும் ஆகாது. உக்ரைனை ஒன்றியத்தில் சேர்க்கும் பேச்சைத் தொடங்கவும் இதே ஒருமனதுதான் விதி. 2023 டிசம்பரில் அதை எதிர்த்த அன்றைய ஹங்கேரிப் பிரதமர் ஓர்பன், முடிவெடுக்கும் நேரத்தில் அறையை விட்டு வெளியே போனார். மற்ற 26 பேர் முடிவெடுத்தார்கள். வெளியே இருப்பவர் மறுத்ததாகக் கணக்கில்லை! எனக்கென்னவோ இது பாடப்புத்தக விதிகளை விட நிறையச் சொல்கிறது.

குடியாத்தம் வாசகர்: நம் மாநிலங்களுக்கு இப்படித் தடுக்கும் அதிகாரம் உண்டா?

சட்டப்படி கிடையாது. வெளியுறவு நம் அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில், அதாவது டெல்லியின் கையில் இருக்கிறது. ஒப்பந்தத்தை நிறைவேற்ற மாநிலப் பட்டியலில் உள்ள விஷயத்திலும் நம் நாடாளுமன்றம் சட்டம் போடலாம் என்கிறது பிரிவு 253. ஆனால் அரசியல் வேறு. 2011இல் மேற்கு வங்க முதல்வராக இருந்த மம்தா எதிர்த்ததால் வங்கதேசத்தோடு தீஸ்தா நதிநீர் ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள பெல்ஜியத்திலோ வட்டாரங்களுக்கு அது சட்டப்படியான உரிமை. 2016இல் அங்குள்ள வலோனியா என்ற ஒரு வட்டாரம் மறுத்ததால், ஐரோப்பிய ஒன்றியம் கனடாவோடு போட இருந்த வணிக ஒப்பந்தத்தின் கையெழுத்து விழாவே தள்ளிப்போனது.