பொருத்தனை பண்ணியது நீங்கள், படிக்கப்போவது மகன்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு வயதில் காய்ச்சலில் கிடந்த மகனுக்காக, "பிழைத்தால் ஊழியத்துக்குக் கொடுக்கிறேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பொருத்தனை பண்ணியிருக்கிறீர்கள். இப்போது பிளஸ் டூ முடித்தவன் பி.காம். சேர்ந்து சி.ஏ. எழுத வேண்டும் என்கிறான். இறையியல் கல்லூரியா, பி.காமா என்று சீட்டு எழுதிப் போட்டு ஜெபத்தோடு எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

சீட்டு வேண்டாம் அம்மா. யூதாசின் இடத்துக்கு அப்போஸ்தலனைத் தேடியபோது மத்தியாவுக்குச் சீட்டு விழுந்ததே என்பீர்கள். அப்போஸ்தலர் நடபடிகளின் அதே அதிகாரத்தில் அதற்கு முன்னால் நடந்ததையும் பாருங்கள். யோவான் ஞானஸ்நானம் கொடுத்த நாள்முதல் கூடவே இருந்தவர்கள் யார் என்று பார்த்து, இரண்டு பேரை நிறுத்திய பிறகுதான் சீட்டுப் போட்டார்கள். உங்கள் வீட்டில் அந்த விசாரிப்பே இன்னும் தொடங்கவில்லை. இப்படி ஒரு பொருத்தனை இருப்பது மகனுக்கே தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவனிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

பொருத்தனைப்படி சாமுவேலைச் சீலோவிலிருந்த கர்த்தருடைய ஆலயத்தில் கொண்டுபோய் விட்டது அவன் தாய் அன்னாள்தான். ஆனால் ராத்திரியில் கர்த்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டது சாமுவேலை. அப்படி ஓர் அழைப்பு உங்கள் மகனுக்கு உண்டா என்று அவன்தான் சொல்ல முடியும். அம்மாவின் மனது நோகக் கூடாதே என்று குருவானவர் அங்கி போட்டவர்கள் உள்ளுக்குள் படுகிற பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, படிப்புக் கணக்குக்கு வருவோம். செராம்பூர் பல்கலைக்கழகத்தின் பி.டி. என்கிற இறையியல் பட்டப்படிப்பு பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 5 ஆண்டு, பட்டதாரிகளுக்கு 4 ஆண்டு. இவன் 3 ஆண்டு பி.காம். படித்துவிட்டு அப்புறம் போனாலும் மொத்தம் 7 ஆண்டுதான். இரண்டே வருட வித்தியாசம். இப்போது பி.காம். சேர்வதால் ஊழியத்தின் கதவு அடைபடுவதில்லை. உங்கள் திருமண்டலத்தில் ஊழியத்துக்கு அனுப்ப என்ன தகுதி கேட்கிறார்கள் என்று மட்டும் ஆயரிடம் விசாரித்து வையுங்கள்.

நம் திருநெல்வேலிச் சீமையின் வேதநாயகம் அசரியா ஐயாவை நினைத்துப் பாருங்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராக வேலை பார்த்தார். 1903-ல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது அவர் குருவானவர் ஆகவில்லை. அபிஷேகம் பெற்றது 1909-ல்தான். மூன்றே வருடத்தில் தோர்ணக்கல் பேராயரானார்.

இன்னொன்று. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விடுதி என்று நடத்துகிற நம் சபைகளுக்குக் கணக்கை நேர்மையாகப் பார்க்கிற ஆள் எவ்வளவு தேவை என்று உங்களுக்கே தெரியும். மகன் சி.ஏ. ஆனால் "இந்தத் தொகையை மட்டும் மாற்றிப் போடு" என்று யாராவது வந்து நிற்பார்கள். அந்த நாளில் "மாட்டேன்" என்று சொல்லும் தைரியத்துக்காக இப்போதே ஜெபியுங்கள்.

பொருத்தனையை மீறிவிட்டோமோ என்ற பயத்தோடு தூங்காமல் கிடக்காதீர்கள். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் முழுவதையும் சொல்லுங்கள். மகனும் அவரிடம் ஒரு நாள் தனியாகப் பேசட்டும். அப்போது நீங்கள் கூடப் போக வேண்டாம். பி.காம். விண்ணப்பத்தைக் கடைசித் தேதிக்கு முன்னால் போட்டுவிடுங்கள்.