கால்வனைஸ் செய்வது யார்?

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலகக் கூட்டங்களில் 'டீமை கால்வனைஸ் செய்ய வேண்டும்' என்கிறார்கள். ஊக்குவித்தல் என்றுதான் பொருள் கொள்கிறேன். ஆனால் எனக்கு ஜி.ஐ. பைப்தான் (துத்தநாகம் பூசிய, 'கால்வனைஸ்டு அயர்ன்' குழாய்) நினைவுக்கு வருகிறது. இரண்டும் ஒரே சொல்தானா? மோட்டிவேட் என்பதற்கு மாற்றாக இதைச் சொல்லலாமா?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

ஒரே சொல்தான். இத்தாலியின் போலோன்யா நகரில் உடற்கூறியல் கற்பித்த லூயிஜி கால்வானி, இரு வேறு உலோகங்கள் ஒருசேரப் பட்டதும் செத்த தவளையின் கால் வெட்டி இழுத்ததைக் கண்டு, 1791இல் அதுபற்றி எழுதி வெளியிட்டார். அவர் பெயரே வினைச்சொல்லாயிற்று. குழாய்க்கு அப்பெயர் சுற்றுவழியில் வந்தது: உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுக்கும் முறைக்கு 1837இல் காப்புரிமை பெற்ற பிரெஞ்சுக்காரர் சோரெல், துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும் மின்வேதி வினையை எண்ணி அப்படி அழைத்தார். மற்றபடி அந்தத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சுவதில்லை.

மனிதரைப் பற்றிச் சொல்லும்போது தவளைக் காலையே நினைவில் வையுங்கள். ஊக்குவித்தல் பரிவோடு, பலநாள் நடப்பது. கால்வனைஸ் என்பதில் திடீர் அதிர்ச்சி உண்டு; பெரும்பாலும் அதன் எழுவாய் ஒரு நிகழ்ச்சி, செயப்படுபொருள் ஒரு கூட்டம். அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1 அன்று கைதானது அந்நகரின் கறுப்பின மக்களை கால்வனைஸ் செய்தது என்று எழுதினால் முற்றிலும் பொருந்தும். டிசம்பர் 5 அன்றே தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில், அதே போன்ற மறுப்புக்காகக் கைதான 15 வயது கிளாடெட் கோல்வினுக்காக ஊர் அந்த அளவு திரளவில்லை. டிசம்பரிலோ, கைது நடந்த இரவே அந்நகரின் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் கண்விழித்து, புறக்கணிப்புக்கு அழைக்கும் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை சைக்ளோஸ்டைல் எடுத்து முடித்திருந்தார். இந்த உழைப்பையெல்லாம் மறைத்துவிட்டு, ஏதோ தானாகத் துள்ளியதுபோலக் காட்டிவிடுகிறது என்பதுதான் இச்சொல்லின்மீது எனக்குள்ள மனக்குறை.

உங்கள் மேலாளர் காலாண்டு இலக்கை வாசித்து யாரையும் கால்வனைஸ் செய்துவிட முடியாது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகிய செய்தி ஒருவேளை செய்யலாம். தமிழில் எழுதுகையில் 'கிளர்ந்தெழச் செய்தது' என்பதையே நான் கையாள்வேன். 'உசுப்பிவிட்டது' அந்த அதிர்ச்சியைச் சரியாகவே பிடிக்கிறது, ஆயினும் உசுப்பியவர்மேல் பழியும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அலுவலகத்துக்கு 'முடுக்கிவிடுதல்' போதும்.